கைச்சாத்தும் கணக்கும்: கலைஞர்தம் பணப் பத்திரங்களைச் சேகரித்தல் பற்றிய ஒரு மதிப்பீடு

1

கலை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் படைப்பினையே முதற்சான்றாகக் கொள்வர். நாடகமாயின் அதன் எழுத்துப்பிரதி, திரைப்படமாயின் அதன் சுருள், பாட்டாயின் அதன் இசைத்தட்டு என்பன அவர்தம் கவனத்தைப் பெறும். அப்படைப்பினை உருவாக்கியோர் எதனை உண்டு வாழ்ந்தனர், எவரிடம் கடன்பட்டனர், ஓர் இரவு ஆடியமைக்கு எத்தனை ரூபா பெற்றனர் என்னும் வினாக்கள் கலைக்குப் புறம்பானவையென ஒதுக்கப்பட்டே வந்துள்ளன. இவ்வினாக்களுக்கு விடை தரவல்ல காசோலைகள், ஒப்பந்தங்கள், பற்றுச்சீட்டுகள், கடன்சீட்டுகள் முதலியவற்றில் எஞ்சியுள்ளவற்றுட் பெரும்பகுதி ஆய்வாளரிடம் இல்லை, சேகரிப்பாளரிடமே உள்ளது. அச்சேகரிப்பு எந்நோக்கில் நடைபெறுகின்றது, அதனாற் காக்கப்படுவது யாது, இழக்கப்படுவது யாது என்பவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு எம்மைத் தூண்டியது சிறு நிகழ்ச்சி ஒன்றாகும். கொழும்பு மாளிகாவத்தையில், மாடிவீட்டுத் தொகுதியொன்றில் வாழும் முதிய அன்பர் ஒருவரின் சேகரிப்பினைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பழைய நடிகர், பாடகர் ஆகியோரின் கைச்சாத்துகளை அவர் நெடுங்காலமாகச் சேர்த்து வந்துள்ளார். அவரது தொகுப்பேட்டின் தடித்த பக்கங்களிற் பெரும்பாலானவை காசோலைகள். ஒவ்வொன்றின் மீதும் கறுப்புத் தாளால் ஒரு மறைப்பு இடப்பட்டு, கைச்சாத்து மாத்திரம் தெரியுமாறு சிறு சாளரம் வெட்டப்பட்டிருந்தது. மறைப்பின் கீழுள்ள தொகையையும் பெறுநர் பெயரையும் காணலாமா என நாம் வினவியபோது அவர் வியப்புற்றார். “கையெழுத்துக்குத்தான் சேர் பெறுமதி. மத்ததெல்லாம் வெறும் கணக்கு” என்றார்.

அவ்வன்பர் கூறியது சேகரிப்புச் சந்தை முழுவதும் ஏற்றுக்கொண்ட கொள்கையே. கைச்சாத்துக்குப் பெறுமதி எங்கிருந்து வந்தது, கணக்கு எவ்வாறு ‘வெறும்’ கணக்காயிற்று என்பனவே நாம் கேட்கவேண்டியவை.

2

கலைஞரின் கைச்சாத்து பல்வேறு பொருள்களிற் கிடைக்கும். இரசிகருக்கு இட்டுக் கொடுத்த நிழற்படம், நிகழ்ச்சி நிரல், கடிதம் என்பன அவற்றுட் சில. எனினும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் காசோலையைத் தனித்து விரும்புவர். அதற்குக் காரணம் எளிது. நடிகரின் நிழற்படங்களிற் செயலாளரும் உறவினரும் கைச்சாத்திட்டு அனுப்புதல் எல்லா நாடுகளிலும் வழமையாயிருந்தது. காசோலையிலோ அவ்வாறு செய்தல் குற்றமாகும். வங்கி அலுவலர் தம்மிடமுள்ள மாதிரிக் கைச்சாத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் வழங்கப்படும். எனவே பணம் செலுத்தப்பட்டதெனக் குறியிடப்பட்ட காசோலை, வங்கியே மெய்யென ஏற்றுக்கொண்ட கைச்சாத்தினைத் தாங்கிய தாளாகின்றது. கலைப்பொருளின் மெய்ம்மையைக் கலை விற்பன்னர் உறுதிப்படுத்தும் இடத்தில், ஈண்டு வங்கி எழுதுவினைஞர் உறுதிப்படுத்துகின்றார். தான் மதிக்காத கணக்கின் தயவிலேயே சேகரிப்பாளரின் கைச்சாத்து மெய்யாகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

அமெரிக்காவிற் பணம் செலுத்தப்பட்ட காசோலைகளை மாதந்தோறும் வாடிக்கையாளருக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் நிலவியமையால் நடிகர்தம் வீட்டுப் பெட்டிகளில் அவை குவிந்தன. அவர்தம் மறைவின் பின் அவை ஏலத்துக்கு வந்தன. ஹொலிவூட் நடிகரின் காசோலைகள் சந்தையில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். மரிலின் மன்றோவின் உடைமைகள் 1999இல் நியூயோர்க்கில் ஏலம் விடப்பட்டமை இவ்வகை வாணிகத்துக்குப் பெரும் ஊக்கமளித்தது. சந்தை வகுத்துள்ள தராதரங்களும் கருதத்தக்கவை. வங்கியின் துளைக்குறி கைச்சாத்தின் ஊடாகச் சென்றிருப்பின் விலை குறையும். முழுவதும் கலைஞரின் கையாலே எழுதப்பட்டிருப்பின் விலை கூடும். பெறுநரும் புகழ்பெற்றவராயின் மேலும் கூடும். காசோலையிற் குறிக்கப்பட்ட தொகைக்கும் அதன் விலைக்கும் தொடர்பு சிறிது. ஐந்து டொலர்க் காசோலை ஆயிரத்துக்கு விற்கலாம்.

திரைப்படத்தால் கலைப்பொருளின் தனித்துவ ஒளி மங்குகின்றதெனவும், அவ்விழப்பை ஈடுசெய்யவே படத்தொழில் நடிகரின் ‘ஆளுமை’ என்னும் செயற்கை ஒளியைப் புறத்தே வளர்க்கின்றதெனவும் வால்ட்டர் பென்யமின் 1930களில் எடுத்துக் காட்டினார். படத்தின் பிரதிகள் பல. அவற்றுள் மூலம் என ஒன்றில்லை. ஆயின் கைச்சாத்து ஒருவர் கையின் ஒரு கணத்துச் செயலாகும். பிரதிகளின் உலகில் மூலமொன்றைத் தேடும் ஏக்கமே சேகரிப்பாளரை இயக்குகின்றது எனலாம். அவ்வேக்கத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் அவ்வேக்கம் சந்தையினூடாக நிறைவேறும்போது நிகழ்வது வேறு. பண்டத்தில் உறைந்துள்ள உழைப்பின் உறவு மறைந்து, அதன் பெறுமதி பண்டத்தின் இயல்புபோலவே தோன்றும் மயக்கத்தினை மார்க்ஸ் விளக்கியுள்ளார். மாளிகாவத்தைத் தொகுப்பேட்டின் கறுப்புத் தாள் அம்மயக்கத்தின் கண்கூடான வடிவம். உழைப்பின் உறவு எழுதப்பட்ட பகுதி மூடப்பட்டுள்ளது.

3

பணப் பத்திரங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. காசோலையிற் கைச்சாத்திடுபவர் பணம் கொடுப்பவர். பற்றுச்சீட்டிற் கைச்சாத்திடுபவர் பணம் பெறுபவர். ஒப்பந்தத்தில் இருவரும் கைச்சாத்திடுவர். கடன்சீட்டில் பிறிதொருநாட் கொடுக்கவேண்டியவர் கைச்சாத்திடுவார். பணம் பாயும் திசையை அறியாது கைச்சாத்தினை மாத்திரம் நோக்குவோர் கலைஞரின் சமூக நிலையை அறியமாட்டார்.

காசோலையிற் காணப்படும் நடிகர் கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் வரித் திணைக்களத்துக்கும் பணம் வழங்கும் செல்வராவார். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் அளவுக்கு உயர்ந்தோர் மாத்திரமே இவ்வாறு கைச்சாத்திட இயலும். மேடையில் அவருடன் நின்ற ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் துணை நடிகரும் தம் வாழ்நாளில் ஒரு காசோலையேனும் எழுதியிராதவர். அவர்தம் கைச்சாத்து முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டிலோ வானொலி நிலையத்துக் கொடுப்பனவு வவுச்சரிலோதான் இருக்கும். எழுதப் படிக்க அறியாதார் கைநாட்டு வைத்தனர். கைநாட்டுகளைச் சேகரிப்பார் எவருமிலர். எனவே காசோலைச் சேகரிப்பு தன் இயல்பிலேயே கலைஞரைச் செலவாளியாகக் காட்டி, உழைப்பாளியாக மறைக்கின்றது. பெரு நடிகருங்கூட ஒருகாலத்திற் பற்றுச்சீட்டிற் கைச்சாத்திட்டவரே என்பது அதனால் மறக்கப்படுகின்றது.

ஒப்பந்தமோ மேலும் நுட்பமானது. சார்ளி சப்ளின் 1913இல் கீஸ்ரன் கம்பனியுடன் செய்த ஒப்பந்தத்தின்படி அவரது வாராந்த ஊதியம் 150 டொலர். 1916இல் மியூச்சுவல் கம்பனி அவருக்கு வாரமொன்றுக்கு 10,000 டொலரும், கைச்சாத்திட்டமைக்கென 150,000 டொலரும் அளித்தது. இரண்டிலும் உள்ள கைச்சாத்து ஒருவருடையதே. ஆயின் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் படத்தொழில் அடைந்த மாற்றத்தினை இவ்விரு தொகைகளுமே கூறுகின்றன.

ஒலிவியா டி ஹவிலண்டின் வழக்கு ஒப்பந்த வாசகத்தின் வலிமையைப் பிறிதொரு வகையில் உணர்த்தும். அளித்த வேடத்தை ஏற்க மறுத்த நடிகரைச் சம்பளமின்றி நிறுத்திவைத்து, அந்நாட்களை ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் கூட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஹொலிவூட் நிறுவனங்கள் கைக்கொண்டிருந்தன. ஏழாண்டு ஒப்பந்தம் முடிவின்றி நீண்டது. ஏழாண்டு என்பது நாட்காட்டியின்படியான ஏழாண்டே எனக் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1944 டிசெம்பரில் தீர்ப்பளித்தபின் நடிகர் பலர் அப்பிணைப்பிலிருந்து மீண்டனர். அவ்வழக்கை வென்று தந்தவை ஒப்பந்தத்தின் தேதியும் வாசகமுமே.

4

எமது சூழலுக்கு வருவோம். 1920களின் நடுப்பகுதியிற் கே. பி. சுந்தராம்பாள் கொழும்பில் நாடகமாட வந்தார். எஸ். ஜி. கிட்டப்பாவும் வந்து அவருடன் இணைந்து நடித்தார். பின்னர் தமிழகம் முழுவதும் புகழ்பெற்ற இவ்விணையின் தொடக்கம் கொழும்பு மேடையே. 1933இல் கிட்டப்பா மறைந்தபின் ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லையென உறுதிபூண்ட சுந்தராம்பாள், 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவருக்கு ஒரு இலட்சம் ரூபா ஊதியம் வழங்கப்பட்டதென்பது தமிழ்ச் சினிமா வரலாற்றிற் பெரிதும் பேசப்படும் செய்தியாகும்.

இச்செய்தியைத் திறனாய்வாளர் பலரும் வியப்புக்குரிய துணுக்காகவே கூறிச் செல்வர். நாம் அதனை வேறு வகையில் நோக்குதல் வேண்டும். வறுமையிற் பிறந்து, சிறுமியாக நாடகக் குழுவிற் சேர்ந்த ஒரு பெண், அக்காலத்தில் ஆடவர் பெறாத தொகையைத் தன் குரலுக்கு விலையாக நிறுவினார். நந்தனார் கதையோ பண்ணையாரிடம் அடிமைப்பட்ட தொழிலாளி ஒருவரின் கதை. கூலி கேட்கும் உரிமையற்ற பாத்திரத்தை நடிப்பதற்கு அக்காலத்தின் மிக உயர்ந்த கூலியைப் பெற்ற நடிகை என்னும் இம்முரணில் தமிழ்ச் சினிமாவின் தொடக்க வரலாறே அடங்கியுள்ளது. அத்தொகை எத்தனை தவணைகளில், எவ்வெவ் நிபந்தனைகளுடன், யாருடைய கைக்குச் சென்றது என்பவற்றைக் கூறவல்லது ஒப்பந்தத் தாளின் உடற்பகுதியே. அத்தாளிலிருந்து கைச்சாத்தை மாத்திரம் நறுக்கி எடுத்து விற்பாராயின் ஒரு வரலாற்றையே நறுக்கி எறிந்தவராவர். இவ்வாறு நறுக்கும் வழக்கம் பழைய கைச்சாத்து வாணிகத்தில் உண்டென்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும்.

ருக்மணி தேவியின் வாழ்வு எமக்கு இன்னும் அணித்தானது. நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் 1923இல் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த டேசி ராசம்மா டானியல்ஸ் என்பவரே பின்னர் இப்பெயர் பூண்டு சிங்கள மேடையினதும் திரையினதும் முதல் நட்சத்திரமானார். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’வின் நாயகி இவரே. அப்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரை. இலங்கைச் சினிமாவின் பிறப்பிலேயே இரு மொழியினரின் உழைப்பும் இரு கரைகளின் மூலதனமும் கலந்திருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவ்வம்மையார் 1978 ஒக்டோபர் 28ஆம் நாள் வீதி விபத்தில் இறந்தார். மாத்தறையில் இசை நிகழ்ச்சியொன்றிற் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையில் அவ்விபத்து நேர்ந்தது. ஒரு நாட்டின் சினிமாவுக்கு முதல் முகமாக அமைந்தவர், 55ஆம் வயதிலும் களியாட்ட மேடைகளிற் பாடி, இரவெல்லாம் பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. முதற் படத்துக்கும் இறுதி மேடைக்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகளின் கதையை அவரது புன்னகை தவழும் நிழற்படங்கள் கூறமாட்டா. அந்தந்தக் காலத்துப் பற்றுச்சீட்டுகள் கூறும்.

இவ்விடத்தில் பெயர் பற்றிய நுட்பமொன்றும் உண்டு. இரசிகருக்கு இட்ட கைச்சாத்தில் மேடைப்பெயர் இருக்கும். சட்டத்துக்கு இட்ட கைச்சாத்திற் பிறப்புப்பெயர் இருக்கலாம். 1956இலேயே மரிலின் மன்றோ என்னும் பெயர் அந்நடிகைக்குச் சட்டப்படி உரியதாயிற்று. சிவாஜி கணேசன் என உலகறிந்தவர் வி. சி. கணேசன் ஆவார். சந்தை மேடைப்பெயரையே விரும்பும். ஆயின் பிறப்புப்பெயர் இடப்பட்ட தாளே, புகழின் பின்னாலிருந்த மனிதரின் குடும்பத்தையும் ஊரையும் சமூகத்தையும் காட்டும். ராசம்மா என்னும் பெயர் ருக்மணி தேவி என்னும் பெயருள் மறைந்தமை எமது இன உறவுகளின் வரலாற்றிற் சிறிய செய்தியன்று.

5

கலைஞரின் ஊதியத்தை எழுதிவைத்தல் தமிழருக்குப் புதியதன்று. பரிசில் பெற்ற பாணரையும் பொருநரையும் விறலியரையும் சங்கப் பாடல்கள் காட்டும். ஆயின் அவை புரவலரின் கொடையைப் போற்றுவன. கணக்குக் கூறுவன அல்ல. கணக்கினைக் கூறுவது தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு. முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் அளித்தான். அப்பெண்டிர் ஒவ்வொருவரின் பெயரும், எத்தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், எக்கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் அங்கு வெட்டப்பட்டுள்ளன. நட்டுவர், இசைஞர், கருவியாளர் ஆகியோரின் பங்குகளும் தொடர்கின்றன. ஒருவர் இறந்துபடின் அவர்தம் உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கினைப் பெறுவர் என்னும் ஏற்பாடும் கூறப்பட்டுள்ளது.

அது மன்னனின் அதிகாரத்தைப் பறைசாற்ற எழுந்த சாசனம் என்பதில் ஐயமில்லை. அப்பெண்டிர் விரும்பி வந்தனரா எனக் கல் கூறாது. எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆடல் மகளிர் நானூற்றுவரின் முகவரியும் ஊதியமும் எமக்குத் தெரிகின்றன. கொழும்பு மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்திலும், அக்காலத்துத் தமிழ் நாடகக் கொட்டகைகளிலும் இரவிரவாக உழைத்த பக்கவாத்தியக்காரரின் ஊதியத்தை எக்கல்லிற் படிப்பது? முதிய கலைஞரின் துயர்துடைக்கும் நோக்குடன் டவர் மண்டப அரங்க மன்றம் 1978இற் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டபோது, கலைஞரின் வறுமை அரசு ஏற்றுக்கொண்ட உண்மையாயிற்று. அத்தகைய மன்றங்களின் உதவிப்பணப் பதிவேடுகளும் கலைஞர் கைச்சாத்திட்ட பணப் பத்திரங்களே. சேகரிப்பாளர் எவரும் அவற்றை நாடிச் செல்வதில்லை. ஆய்வாளராகிய நாம் சென்றோமா என்பதே கேள்வி.

தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆய்விற் சுட்டிக்காட்டினார். பார்வையாளரைப் பற்றிய அவ்வுண்மைக்கு மறுபாதி ஒன்றுண்டு. திரைக்குப் பின்னால் இருந்தோர் சம்பளப் பதிவேட்டில் எவ்வாறு அமர்த்தப்பட்டனர்? அப்பதிவேடுகளின்றி அப்பாதியை எழுதவியலாது.

6

பத்திரங்களை முற்றாக நம்பிவிடுதலும் தவறு. திரைப்படத் தொழிலில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை ஒன்றாகவும் கைமாறிய தொகை பிறிதொன்றாகவும் இருந்தமை யாவரும் அறிந்ததே. வரி அலுவலரை நோக்கி எழுதப்பட்ட தாள் வரலாற்றாசிரியரிடம் உண்மை பேசும் கடப்பாடுடையதன்று. பற்றுச்சீட்டில் முழுத்தொகைக்கும் கைச்சாத்திட்டு அரைத்தொகை பெற்ற துணை நடிகரும் இருந்திருப்பர். பத்திரத்தைப் பிற பத்திரத்தோடும், உயிருடனிருப்போரின் வாய்மொழியோடும் ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும். ஒப்பிடுவதற்கும் பத்திரம் முழுமையாக இருத்தல் வேண்டும் என்பதே எமது வாதம்.

தனியார் சேகரிப்பினை நாம் முற்றாகக் கண்டிக்கவும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படச்சுருள்கள் அழிந்தன. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அதே கலவரத்திற் கொல்லப்பட்டார். பொது நிறுவனங்கள் காவாது விட்டவற்றையும், காத்தும் தீக்கு இழந்தவற்றையும் எண்ணும்போது, மாடிவீட்டு அலுமாரி ஒன்றிற் பிழைத்திருக்கும் தாள்கள் அருமையுடையன. பழந்தாட் கடையில் நிறுத்து விற்கப்படவிருந்த கட்டுகளைக் காசு கொடுத்து மீட்டவர் சேகரிப்பாளரே; அப்போது நாம் அவ்விடத்தில் இருக்கவில்லை.

காலமும் எம் பக்கம் இல்லை. 2006இல் இலங்கையிற் காசோலைகளின் உருவப்படத்தை மாத்திரம் வங்கிகளுக்கிடையே அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. கலைஞரின் ஊதியம் இப்பொழுது வங்கிக் கணக்கில் நேரே வைப்பிலிடப்படுகின்றது. கையால் எழுதிய தொகையும் கையால் இட்ட ஒப்பமும் ஒரே தாளில் நின்ற காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பனவே எமக்குள்ளன.

எனவே செய்யத்தக்கன சில. சேகரிப்பாளரிடமுள்ள தாள்களைப் பறிக்க முயலாது, அவர்தம் இசைவுடன் முழுத்தாளையும் இருபுறமும் படியெடுத்தல் வேண்டும். காசோலையின் பின்புறம் பெரிதும் புறக்கணிக்கப்படுவது. பெறுநர் அதனைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்திருப்பின் அவர்தம் ஒப்பங்கள் அங்கேயே இருக்கும். கலைஞரின் பணம் எந்தக் கடன்காரரின் கைக்குப் போயிற்று என்பதை அப்புறமே கூறும். நட்சத்திரங்களின் காசோலைகளுக்கு அளிக்கும் மதிப்பினைத் துணைக் கலைஞரின் பற்றுச்சீட்டுகளுக்கும் கைநாட்டுகளுக்கும் அளித்தல் வேண்டும். வறுமையின் சான்றுகளாகிய கடன்சீட்டுகளையும் அடகுச்சீட்டுகளையும் வெளியிடுமுன் குடும்பத்தாரின் மனநிலையைக் கருதுதல் வேண்டும். இறந்தோரின் கடனை வேடிக்கைப் பொருளாக்குதல் ஆய்வாகாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை ஆகிய பகுதிகளில் வாழும் பழைய கலைஞர் குடும்பங்களை எம் மாணவர் நாடிச் செல்லலாம். ஒவ்வொரு தாளும் எத்திசையிற் பணம் பாய்ந்ததைக் காட்டுகின்றது என்பதே அவர் முதலிற் குறிக்கவேண்டியது.

நாம் விடைபெறுமுன் மாளிகாவத்தை அன்பர் தொகுப்பேட்டின் இறுதிப் பக்கத்தைத் திறந்தார். அதில் மறைப்பு இடப்படாத தாள் ஒன்று செருகப்பட்டிருந்தது. நாடகமொன்றுக்கு வாசித்த மிருதங்கக்காரர் ஒருவரின் பற்றுச்சீட்டு அது. முத்திரையின் மேல் விழுந்த கைநாட்டு மையிற் பரவியிருந்தது. அதற்கு விலை இல்லாமையால் சாளரம் வெட்டவில்லை என்றார். அதனாலேயே அதில் தொகையும் தேதியும் நாடகத்தின் பெயரும் முழுமையாகத் தெரிந்தன. அந்த ஒரு தாளையே நாம் அன்று படியெடுத்துக்கொண்டோம். ஏனைய பக்கங்களின் கறுப்புத் தாள்களை அகற்றிவிட்டு மறுமுறை அழைப்பதாக அவர் கூறியுள்ளார்.